பக்கீர் முகம்மது பார்த்த படிக்கட்டு

என் அக்கா சைதாவின் வீட்டுக்காரர் பக்கீர் முகம்மதுவுக்குப் பழவேற்காட்டில் ஒரு காலத்தில் இரண்டு பெயர் இருந்தது. நல்ல சமையல்காரர் என்பது ஒன்று. பெரிய புளுகர் என்பது இன்னொன்று. முதல் பெயரை அடுப்படியில் வெந்து சம்பாதித்தார். இரண்டாவதை ஊர் இனாமாகக் கொடுத்தது. தெருமுனையில் தலை தெரிந்ததும் "படிக்கட்டு பாய் வர்றாரு" என்பார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்காதீர்கள் என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். கூப்பிடுகிறார்களே, பார்க்காமல் எப்படிப் போவது என்பார்.

நான் லுங்கி வியாபாரி. பொன்னேரிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் மூட்டை தூக்கி அலைகிறவன். எனக்கும் எழுத்துக்கும் வெகு தூரம். ஆனாலும் மச்சானைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. நடந்ததை நடந்தபடி ஒருவனாவது எழுதி வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

மச்சான் மீசை முளைத்த வயதில் மதராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர். கப்பலில் சமையல் செய்கிறவனைப் பண்டாரி என்பார்கள். அடுப்பு முன்னால் நின்று கிளறுகிற வேலை என்று நாம் நினைப்போம். அவர் சொல்லக் கேட்டால் அது ஏணி வேலை. அரிசி மூட்டை அடித்தட்டில் இருக்கும், அடுப்பு மேல்தட்டில் இருக்கும், தின்கிறவர்கள் இரண்டுக்கும் நடுவே எங்கேயோ இருப்பார்கள். இவர் தோளில் மூட்டையோடு இரும்பு ஏணியில் ஏறுவார், வெந்ததைத் தூக்கிக்கொண்டு இறங்குவார். கடல் ஆடினால் ஏணியும் ஆடும். வெந்நீர்த் தவலையோடு ஒருமுறை விழுந்ததில் இடது கை முழுக்கத் தோல் சுருங்கிப் போயிருந்தது.

நிக்காஹ் முடிந்த பிறகும் அதே பிழைப்புதான். வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார். சைதா தனியாகக் குடும்பம் நடத்தினாள். பிள்ளை இல்லை. எங்கள் தெருக் கிணற்றில் உப்பு ஊறிப் போனதால் நல்ல தண்ணீருக்கு அரை மைல் போக வேண்டும். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு தூக்கு. அவள் நடையே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் கப்பல் டாக்டர் மச்சானின் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் ஏணி ஏறாதே என்றாராம். ஏணி ஏறாத பண்டாரியை வைத்துக்கொண்டு கப்பல்காரன் என்ன செய்வான்? ஒரு தகரப் பெட்டியும், நம் ஊர் வெயிலுக்கு ஒன்றுக்கும் உதவாத ஒரு கம்பளியும், ஒரு படிக்கட்டின் கதையுமாக வந்து இறங்கினார்.

அந்தக் கதையை நான் குறைந்தது நூறு முறை கேட்டிருப்பேன்.

கப்பல் பழுதாகி லண்டன் துறையில் வெகுநாள் கிடந்தது. கூட இருந்த வங்காளி ஒருவர், பூமிக்கு அடியில் ஓடுகிற ரயிலைக் காட்டுகிறேன் வா என்று அழைத்துப் போனார். ரயிலைப் பார்க்கப் போனவர் வழியிலேயே நின்றுவிட்டார். ஸ்டேஷனுக்குள் நுழைந்தால் ஒரு பெரிய சரிவு. அதன் அடி எங்கே என்று கண்ணுக்கே தெரியவில்லை. சரிவு முழுக்கப் படிகள். படிகள் எல்லாம் தாமாகவே கீழே போய்க்கொண்டிருந்தன. படியில் இருந்த சனங்கள் காலை அசைக்காமல் பேப்பர் படித்துக்கொண்டு போனார்கள். பக்கத்துச் சரிவில் அதே மாதிரி படிகள் மேலே வந்துகொண்டிருந்தன.

"படி நடக்குது மச்சான். நீ நிக்கற. அது உன்னத் தூக்கிக்கினு போவுது" என்பார். அவருக்கு நான் மச்சான், எனக்கு அவர் மச்சான். "ஆரம்பத்துல படின்னு ஒண்ணுமே இல்ல. தரைதான். அந்தத் தரை அப்டியே மடிஞ்சி மடிஞ்சிப் படியா ஆவுது. முடிவுல மறுபடியும் தரையாயி, ஒரு சீப்புப் பல்லு மாதிரி இரும்பு இருக்குது, அதுக்குள்ள பூந்துடுது."

கால் வைக்கப் பயந்து வெகுநேரம் ஓரமாக நின்றாராம். புது பூட்ஸ் வழுக்கிவிடுமோ என்று யோசித்தார். பள்ளிவாசல் படியேறிப் பழகிய கால். பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறிவிட்டார். பாதி தூரம் போன பிறகுதான் பூட்ஸ் மேலே இருக்கிறது, நாம் கீழே போகிறோம் என்று உறைத்திருக்கிறது. அடியில் இறங்கி, அடுத்த சரிவில் ஏறி, மேலே வந்து பார்த்தால் பூட்ஸ் வைத்த இடத்திலேயே இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு மறுபடி இறங்கினார். இந்த இடம் வரும்போது கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

அதற்கப்புறம் லீவு கிடைத்த நாளெல்லாம் அங்கேயேதான். மற்றவர்கள் ராஜா அரண்மனை பார்க்கப் போனார்கள், குடிக்கப் போனார்கள். இவர் இருப்பதிலேயே சின்ன டிக்கெட்டாக ஒன்று வாங்கிக்கொண்டு இறங்குவார், ஏறுவார். கைப்பிடி கூட ரப்பரில் கூடவே வரும். ஆனால் படியைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகும், கை முன்னால் முன்னால் இழுத்துக்கொண்டே போகும், அடிக்கடி பின்னால் எடுத்து வைக்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டுவார். அடியிலிருந்து சூடான காற்று ஒன்று முகத்தில் அடிக்குமாம், நெல் அவிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்பது மாதிரி. எதிர்ச் சரிவில் முகங்கள் வரும், போகும். யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள்.

ஒருநாள் காக்கி மாதிரி உடுப்புப் போட்ட ஸ்டேஷன்காரன் வந்து, காலையிலிருந்து பார்க்கிறேன், நீ எங்கேதான் போக வேண்டும் என்று கேட்டான். மச்சானுக்குத் தெரிந்த இங்கிலீஷில் "ரெஸ்ட்" என்றார். அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை.

"பொறந்ததுலேர்ந்து நான்தான் எல்லாத்தையும் தூக்கிக்கினு ஏறிக்கினு இருந்தேன் மச்சான். என்னிய ஒண்ணு தூக்கிக்கினு ஏறுனது அது ஒண்ணுதான்" என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்க மாட்டார். நானும் சிரித்ததில்லை. ஆனால் ஊர் அந்த இடத்திலும் சிரித்தது.

டீக்கடையில் உட்கார வைத்துக் கிண்டுவார்கள். மேலே போன படி எங்கே போகிறது? தரைக்குள் போகிறது. அப்புறம்? அதுவே சுற்றி மறுபடி வருகிறது. எவ்வளவு நீளம்? நம் பள்ளிவாசல் மினாராவைச் சாய்த்துப் படுக்க வைத்தாலும் பத்தாது. அவ்வளவுதான், கடை அதிரும். பொன்னேரி அரிசி மில்லில் நெல்லை அள்ளிக்கொண்டு மேலே போகிற பட்டையைக் காட்டி விளக்கிப் பார்த்தார். "அது நெல்லு பாய். வுழுந்தா நெல்லுக்கு வலிக்காது. மனுசன் நிப்பானா அதுல?" என்றார்கள்.

பள்ளிவாசல் முத்தவல்லி நூர் அகமது மட்டும் கிண்டல் செய்யவில்லை. அவர் கயிறு வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகம் முழுக்க அவர் கையில். எதையும் இழுத்துப் பார்த்து வாங்குகிறவர். முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார். "பம்பாய்ல நானே லிப்டுல ஏறியிருக்கேன். பொட்டிக்குள்ள நிக்கணும், கயிறு மேல தூக்கும். அது நியாயம். கல்லும் மரமுமா இருக்கற படி எப்படிப் பாய் நடக்கும்? சொல்ற பொய்யப் பொருந்தச் சொல்லு" என்று எழுந்து போய்விட்டார். கிண்டல் செய்த பத்துப் பேரைவிட இவர் சொன்னதுதான் ஊரில் நின்றது.

நம்பியது ஒரே ஒருத்தி. அக்கா.

அவள் மற்றவர்கள் எதிரில் வாயே திறக்க மாட்டாள். மத்தியானம் வேலை ஓய்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கல் பொறுக்கும்போது கேட்பாள். ஊரார் மடக்குவதற்குக் கேட்டார்கள். இவள் தெரிந்துகொள்வதற்குக் கேட்டாள்.

"இடுப்புல கொடம் இருந்தா ஏத்திக்குமா?"

"ஏத்திக்கும். பொட்டி, மூட்ட எல்லாம் வெச்சிக்கினு நிக்கறாங்க."

"பொடவ மாட்டாதா?"

மச்சான் யோசித்தார். "கொஞ்சம் தூக்கிப் புடிச்சிக்கணும்."

"மொதல்ல எந்தக் காலு வெக்கணும்?"

இப்படியே போகும். ஒருநாள் மச்சான், அந்தப் படியில் நின்றுகொண்டே தூங்கிய ஒரு வெள்ளைக்காரியைப் பற்றிச் சொன்னார். ஏதோ பாக்டரியில் வேலை செய்கிறவளாக இருக்க வேண்டும், கையெல்லாம் கறுப்பு மை. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்தபடி வந்தாள். உச்சி வந்ததும் யாரோ எழுப்பினது மாதிரி கண்ணைத் திறந்து இறங்கிப் போனாள். "ஒன்ன நெனச்சேன்" என்றார். அக்கா பொறுக்கிய கல்லையெல்லாம் மறுபடி அரிசியிலேயே போட்டுவிட்டாள்.

மச்சானுக்கு அது போதும். டீக்கடையில் எவ்வளவு பட்டாலும் வீட்டுக்கு வந்து அவள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொன்னால் முகம் தெளிந்துவிடும். ஊர் போவுது வுடு மச்சான், ஊட்ல அவ நம்புறாளே என்பார்.

கரையில் அவருக்குக் கிடைத்ததும் சமையல்தான். எங்கள் ஆட்களின் கல்யாணத்துக்கெல்லாம் அவர்தான் பிரியாணி. ரமலான் மாதம் வந்தால் பள்ளிவாசல் முற்றத்தில் அண்டா வைத்து நோன்புக் கஞ்சி காய்ச்சுவார். அவர் கையால் குடித்துத்தான் ஊர் முழுக்க நோன்பு திறந்தது. உப்பு சரியாக இருக்கிறதா என்று நோன்பாளி நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. ஆவியை முகர்ந்தே போடுவார். ஒருநாளும் தப்பியதில்லை. அந்தக் கையை நம்பிய ஊர் வாயை நம்பவில்லை.

ஐம்பத்தாறில் ரமலான் சித்திரை வெயிலில் வந்து மாட்டியது. அப்படி ஒரு நோன்பை நான் அதற்கு முன் பிடித்ததில்லை. அனல் காற்று மத்தியானம் ஆரம்பித்தால் பொழுது சாய்கிற வரை விடாது. தோணியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், இறால் காய வைக்கிற பெண்கள் எல்லோருக்கும் உதடு வெடித்துவிட்டது. கடைசி வாரத்தில் தெருவில் பேச்சே இல்லை. இருபத்தொன்பதாம் நோன்பு அன்று எல்லோருக்கும் ஒரே நினைப்புதான்: இன்றைக்குப் பிறை தெரிந்தால் நாளைக்குப் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நாள் இந்த வெயிலில்.

அன்று சாயங்காலம் பார்த்து மேற்கே மேகம் வந்து மூடிக்கொண்டது. மொட்டைமாடியிலும் கரையிலும் நின்று கழுத்து வலிக்கப் பார்த்தோம். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் வழக்கத்தில் நோன்பை முடிக்க இரண்டு பேர் சாட்சி வேண்டும். கண்ணால் பார்த்த இரண்டு பேர், நம்பத் தகுந்தவர்கள். ரேடியோ சொன்னது, மதராஸில் சொன்னார்கள் என்பதெல்லாம் அப்போது எங்கள் பள்ளிவாசலில் செல்லாது.

அந்தி நேர மஃரிபு தொழுகை முடிந்து உட்கார்ந்திருக்கும்போது ஹனீப் வந்தார். ஜவுளி வியாபாரி, கொடுத்த வாக்கு மாறாதவர் என்று பெயர் வாங்கியவர். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வரும்போது பின் ஜன்னல் வழியே மேக இடுக்கில் பிறையைப் பார்த்ததாகச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களுக்குக் காட்டுவதற்குள் மூடிவிட்டது. பள்ளிவாசல் கலகலவென்றாகிவிட்டது. ஒரு சாட்சி கிடைத்தாயிற்று, இன்னொன்று வேண்டும். ஆளாளுக்கு அடுத்தவன் முகத்தைப் பார்த்தார்கள்.

அந்த நேரம் மச்சான் உள்ளே வந்தார். கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, பெருநாள் சமையலுக்கு இறால் சொல்லி வைக்க ஏரிக்கு அந்தப் பக்கம் கலங்கரைவிளக்கக் குப்பத்துக்குத் தோணியில் போயிருந்தார். திரும்பும்போது நடு ஏரியில் பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு நோன்பைத் திறந்துவிட்டு நிமிர்ந்தால் நேர் எதிரே பிறை. தோணிக்காரர் தேசப்பன் குனிந்து கோல் தள்ளிக்கொண்டிருந்தார். "அதோ பாரு" என்று மச்சான் சொல்லி, அவர் நிமிர்வதற்குள் போய்விட்டது.

"பொறய நான் பார்த்தேன்" என்றார் மச்சான், வாசலில் நின்றபடியே.

ஒரு சத்தம் எழும்பியது பாருங்கள். கொஞ்சம் பேர் எழுந்தே விட்டார்கள். நகரா முரசு அடிக்கிற பையன் குச்சியைத் தேடினான். நூர் அகமது கையைத் தூக்கி எல்லோரையும் உட்காரச் சொன்னார். சந்தோஷம் அவர் முகத்திலும் இருந்தது. ஆனால் அந்தச் சாட்சியை அப்படியே ஏற்றுக்கொள்ள அவரால் முடியவில்லை.

"இமாம் அவங்களே, நீங்க சொல்லுங்க. பொய் பேசறவன்னு ஊருக்குத் தெரிஞ்ச ஆளு சாட்சி செல்லுமா?"

இமாம் தயங்கினார். "செல்லாது" என்றார்.

"பக்கீர் பாய் எம்மேல கோவிச்சிக்கக் கூடாது" என்றார் நூர் அகமது. "படி தானா நடக்குதுன்னு மூணு வருசமா சொல்லிக்கினு இருக்காரு. சின்னப் புள்ளைங்கோ கூட சிரிக்குது. நாளைக்கு ஊரு மொத்தமும் இவரு பேச்ச நம்பி நோன்ப வுட்டு, அது தப்பாப் போச்சின்னா பாவம் யார் கழுத்துல? என் கழுத்துல."

அவரைக் கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். அந்த மனுஷன் உண்மையாகவே பயந்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

நான் எழுந்து, அப்படி ஒரு படி இருந்தாலும் இருக்கும், போய்ப் பார்க்காமல் நாம் எப்படிப் பொய் என்று சொல்வது என்றேன். ஒக்காருப்பா என்று நாலு பக்கமும் கத்தினார்கள்.

இமாம்தான் வழி சொன்னார். சொன்னது பொய் என்று எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டு, இனிமேல் சொல்ல மாட்டேன் என்று அல்லாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தௌபா செய்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சாட்சியை ஏற்றுக்கொள்ளலாம்.

அவ்வளவுதான். அப்புறம் யாரும் அதட்டவில்லை. எல்லோரும் கெஞ்சினார்கள். "தமாசுக்குச் சொன்னேன்னு சொல்லிடு பாய்." "ஒரு வார்த்த பாய், ஒனக்கு இன்னா கொறஞ்சிடும்?" "எங்க ஊட்ல வாயும் வயிறுமா ஒருத்தி நோன்பு புடிச்சிக்கினு இருக்கா பாய்." மூன்று வருஷமாக அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாம் அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நல்லவராக ஆக வேண்டும் என்று ஊரே துடித்தது.

மச்சானால் தரையில் சட்டென்று உட்கார முடியாது, முழங்கால் மடங்காது. தூணில் ஒரு கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். லுங்கி முட்டி வரை ஈரம். காலையிலிருந்து அண்டா முன்னால் நின்றவர். ஒரு பேரீச்சம்பழத்தோடு சரி, தண்ணீர் கூடக் குடித்திருக்கவில்லை.

"நான் பொறய பார்த்தேன். அது நெசம்" என்றார் மெதுவாக. "படியும் பார்த்தேன். இத நம்பறதுக்கு அத வுடணுமா?"

அவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். மூட்டை தூக்குகிறவர்கள் முன்வரிசையில் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கிடந்தார்கள். ஒருவனுக்கு உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. மச்சானின் கண் அவன் மேலேயே நின்றது. வாதாட அவரிடம் பலம் இல்லை என்று நான் நினைத்தேன். பலம் இருந்திருந்தாலும் அவனைப் பார்த்த பிறகு வாதாடியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

"சரி" என்றார். "படி நடக்கல. அப்டி ஒண்ணு இல்ல. நான் சொன்னது பொய்."

பின்வரிசையில் ஒருவன், "கேக்கல பாய், கொஞ்சம் ஒரக்கச் சொல்லு" என்றான். மச்சான் உரக்க இன்னொரு முறை சொன்னார். இமாம் சொல்லச் சொல்லத் தௌபாவையும் சொன்னார். பிறகு பிறையைப் பார்த்த சாட்சியைச் சொன்னார். உண்மையை ஒரு தடவை சொன்னால் போதும் என்று விட்டார்கள்.

நகரா முழங்கியது. பையன்கள் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள்: "நாளைக்குப் பெருநாள்! படிக்கட்டு பாய் பொய்யின்னு ஒத்துக்கினாரு! நாளைக்குப் பெருநாள்!" அக்காவுக்குப் பெருநாள் சேதியும் அந்தச் சேதியும் ஒரே மூச்சில்தான் வந்து சேர்ந்தன.

நூர் அகமது மச்சானைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். பெரிய மனசு பாய் உங்களுக்கு என்றார். பொய்யை ஒப்புக்கொள்கிற தைரியம் யாருக்கு வரும் என்று ஆளாளுக்குப் புகழ்ந்தார்கள். அன்றோடு படிக்கட்டு பாய் என்ற பேரும் போயிற்று. மரியாதையாக பக்கீர் பாய் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அந்த மரியாதையைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மச்சான் அங்கிருந்து நேராக அடுப்படிக்குப் போய்விட்டார். பெருநாள் சமையலுக்கு வெங்காயம் உரிக்க வேண்டும், கறி ஊற வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தது மறுநாள் தொழுகை, பரிமாறல் எல்லாம் முடிந்த பிறகுதான். புதுச் சட்டை மேலெல்லாம் புகை. நான் பெருநாள் சாப்பாட்டுக்கு அங்கே போயிருந்தேன்.

அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு அவருக்குத் தட்டு வைத்தாள். எப்போதும் போலத்தான் இருந்தாள். புதுப் புடவை கட்டியிருந்தாள், பூ வைத்திருந்தாள். மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

"சைதா" என்றார். "அது பொய் இல்ல. ஒனக்குத் தெரியும்."

அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பள்ளிவாசல்ல சொன்னீங்களே."

"அது பொய். ஊருக்காவச் சொன்னது. எல்லாம் வெயில்ல காஞ்சிக்கினு கெடந்தாங்க. இன்னா பண்ணச் சொல்ற?"

"அல்லா ஊட்ல நின்னுக்கினு சொன்னது பொய்யி. இப்ப இங்க ஒக்காந்து சொல்றது நெசம்."

"ஆமா."

அவள் அவரையே பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மச்சான் எப்படியாவது சமாதானம் செய்திருப்பார். புரிந்துகொள்ள ரொம்பப் பாடுபடுகிற முகம் அது. நாலு நாள் தூங்காதவள் மாதிரி இருந்தாள்.

"நான் போயி பார்த்தனா?" என்றாள். "நீங்க இருக்குதுன்னு சொன்னீங்க, நம்புனேன். ஊரே சிரிச்சப்பவும் நம்புனேன். இப்ப இல்லன்னு சொன்னதும் நீங்கதான். நான் எதப் புடிச்சிக்கினு நம்பறது, சொல்லுங்க."

மச்சான் வாயைத் திறந்தார். ஊரோடு மூன்று வருஷம் சளைக்காமல் பேசிய மனுஷன், சீப்புப் பல்லையும் ரப்பர் கைப்பிடியையும் ஆயிரம் தடவை விளக்கியவர், அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சோறு ஆறுது, துன்னுங்க" என்றாள் அக்கா. குரலில் ஒரு குறையும் இல்லை. அவர் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகும் மத்தியானங்களில் அவள் முறத்தோடு உட்காருவாள், அவரும் எதிரில் உட்காருவார். மீன் விலை பேசுவார்கள், மழை வருமா என்று பேசுவார்கள். அந்தப் படிக்கட்டைப் பற்றி அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.